விளம்பரதாரர் நிகழ்ச்சிகளும் தொண்டு நிறுவனங்களும்

தாய்சேய் நலம், எழுத்தறிவு, குடிநீர், நுகர்வோர் பாதுகாப்பு முதலிய துறைகளில் பாடுபடும் தொண்டு நிறுவனங்கள் நம் நாட்டில் பல உள்ளன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் குரல் தாம் பணிபுரியும் ஊர்களைத் தாண்டிச் செல்வதில்லை. தொலைக்காட்சி அக்குரலைக் கோடிக்கணக்கான இல்லங்களுக்கு எடுத்துச் செல்ல வல்லது. ஆனால் தயாரிப்புச் செலவும் ஒளிபரப்புக் கட்டணமும் இந்நிறுவனங்களின் சக்திக்கு அப்பாற்பட்டவை. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று விளம்பரதாரர் நிகழ்ச்சி முறையாகும்.

மூன்று தரப்பினர்

விளம்பரதாரர் பணம் தருகிறார். தயாரிப்பாளர் நிகழ்ச்சியை உருவாக்குகிறார். ஒளிபரப்பு நிறுவனம் நேரம் ஒதுக்கி, விளம்பரதாரரின் பொருளை அறிமுகப்படுத்த இடமளிக்கிறது. இந்த ஏற்பாட்டில் தொண்டு நிறுவனத்துக்கு இயல்பாக இடம் ஏதும் இல்லை என்பதை முதலில் உணர வேண்டும். அவ்விடத்தை அது ஒப்பந்தத்தின் மூலம் கேட்டுப் பெறவேண்டும்.

இரு அனுபவங்கள்

தூர்தர்ஷன் 1976ஆம் ஆண்டு ஜனவரி முதல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1984 ஜூலை 7 முதல் 1985 டிசம்பர் 17 வரை ‘ஹம் லோக்’ தொடர் ஒளிபரப்பாயிற்று. மெக்சிகோ நாட்டுத் தொடர்களைப் பின்பற்றி, குடும்ப நலத்தையும் பெண்களின் நிலையையும் கதை வடிவில் விளக்குவது அதன் நோக்கம். நூடுல்ஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அதன் விளம்பரதாரர். தொடக்கப் பகுதிகளில் உபதேசம் மிகுந்திருப்பதாக நேயர்கள் குறை கூறவே, குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தி பின்னுக்குத் தள்ளப்பட்டது. விளம்பரப் பொருளோ சந்தையில் நன்கு காலூன்றியது. உபதேசம் நேயரை விலக்கும் என்பதும், எழுத்தில் உறுதி செய்யப்படாத நோக்கம் எளிதில் தளரும் என்பதும் இதிலிருந்து பெறத்தக்க பாடங்களாகும்.

பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் மாற்று வழியைக் கையாண்டது. ‘என்னால் எதுவும் செய்ய முடியும்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இந்தித் தொடரைக் கொடையாளர் உதவியுடன் தானே உருவாக்கி, 2014 மார்ச் 8 முதல் தூர்தர்ஷன் வாயிலாக வழங்கியது. மும்பைப் பணியைத் துறந்து சொந்தக் கிராமத்துக்குத் திரும்பும் பெண் மருத்துவரின் கதை அது. நேயர்கள் தொலைபேசி வழியே கருத்துக் கூறவும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இங்கு கதையின் நோக்கம் தொண்டு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

சட்ட நிலை

வானலைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9இல் தீர்ப்பளித்தது. தனியார் அலைவரிசைகள், சில விலக்குகள் நீங்கலாக, நாள்தோறும் 30 நிமிடம் பொதுநலப் பொருள்களுக்கு ஒதுக்கவேண்டும் என 2022ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் விதித்தன. கல்வி, வேளாண்மை, சுகாதாரம், பெண்கள் நலம், சுற்றுச்சூழல் போன்றவை அப்பொருள்களுள் அடங்கும். தரமான நிகழ்ச்சிகளைத் தயாராக வைத்திருக்கும் அமைப்புகளுக்கு இது நல்வாய்ப்பு. ஆனால் தன் பொருளின் விற்பனைக்காக நிறுவனம் ஒன்று அளிக்கும் ஆதரவு, கம்பெனிச் சட்டத்தின் கீழான சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படாது என 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் தெளிவுபடுத்தியுள்ளன. ஆகவே நன்கொடை எது, விளம்பரம் எது என்பதைக் கணக்கில் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டுவது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தம் செய்யுமுன் நான்கு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

1. உண்மைச் செய்திகளில் இறுதி முடிவு தொண்டு நிறுவனத்துடையதாக இருத்தல்.

2. விளம்பரப் பொருள் நிகழ்ச்சியின் நோக்கத்துக்கு முரணாகாமை. குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றிய நிகழ்ச்சிக்கு இனிப்புப் பானம் பொருந்தாது.

3. வட்டார மொழியும், உழைக்கும் மக்கள் வீட்டிலிருக்கும் நேரமும்.

4. நிகழ்ச்சிக்குப் பின் மக்கள் நாடிச் செல்ல ஓர் இடம்.

இவற்றுள் நான்காவதே பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. தடுப்பூசியைப் பற்றித் திரையில் கண்டு ஒரு தாய் சுகாதார நிலையத்துக்கு வரும்போது, அங்கு மருந்தும் இல்லை, பணியாளரும் இல்லை என்றால், அடுத்த நிகழ்ச்சியை அவள் நம்பமாட்டாள். எனவே ஒளிபரப்புத் தேதியை மாவட்ட அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, களப்பணியை ஆயத்தப்படுத்துவது நிகழ்ச்சித் தயாரிப்பின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்படவேண்டும்.