ஐம்பதாயிரத்தில் எந்த பைக்?

கேள்வி: கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. வேலைக்குப் போக வர தினமும் 40 கி.மீ. பழைய 150 சிசி வாங்கவா, 100 சிசி போதுமா?

பதில்: 100 சிசியே வாங்குங்கள். வண்டி விலையோடு செலவு முடிவதில்லை. மாதம் 1,000 கி.மீ. ஓடினால், லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டிக்குச் சுமார் 17 லிட்டர் பெட்ரோல். 45 தருவதற்கு 22. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 500 ரூபாய் மிச்சம். மெயின் ரோட்டில் இழுக்காது என்பார்கள். ஒருவர் 55, 60 வேகத்தில் போக அது தாராளம். தினமும் பின்னால் ஆளை ஏற்றி மேடேறுவதென்றால் மட்டும் 125 பாருங்கள். 100 சிசியில் ஸ்ப்ளெண்டரைப் பாருங்கள், 1994-இல் வந்த வண்டி. செயின் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பிஎஸ்4 மாடலில் கார்புரேட்டர்தான் என்பதால் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார்.

பழைய வண்டியை நம்பலாமா என்ற பயம் நியாயமானது. அதனால் காலையிலேயே, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். சூடான இன்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அந்த வண்டி வேண்டாம். சேசிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் என்ஓசி கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.