ஒரே அச்சு: இலக்குத் துப்பாக்கி கட்டும் இளம் கலைஞருக்கு ஒரு கடிதம்



போட்டி ரைஃபிளின் துல்லியம் ஒரு கோட்டில் அடங்கியிருக்கிறது. போல்ட் ஓடும் துளை, போல்ட்டைத் தாங்கும் லக்குகள், குழலைப் பிடிக்கும் மரை, தோட்டா உட்காரும் சேம்பர், குழலின் உட்துளை, அதன் வாய் ஆகிய யாவும் ஒரே அச்சைச் சுற்றி அமைய வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அவை அதே நிலைக்குத் திரும்பி வரவும் வேண்டும். போல்ட்டும் அது ஓடும் ரிசீவர் எனும் கூடும் சேர்ந்த பகுதியை ஆக்‌ஷன் என்பார்கள். தொழிற்சாலையில் செய்த ஆக்‌ஷனைக் கொண்டு இலக்குத் துப்பாக்கி கட்டும் வேலை முழுவதும் இந்த இரண்டையும் நிறைவேற்றும் முயற்சிதான். இவை கூடிவராத துப்பாக்கியை எவ்வளவு விலை உயர்ந்த பாகமும் காப்பாற்றாது.

வேலைக்கு முன்னால் நிற்பது சட்டம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமின்றிப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் கேட்கிறது. இந்தக் கலை பெரிதாக வளர்ந்த அமெரிக்காவிலும் இதைத் தொழிலாக நடத்துபவர் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற ஆசானின் பட்டறையில், அவர் கண்பார்வையில் தொடங்குவதே முறை. சேம்பருக்குள் உருவாகும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை நெருங்கும். சுடுபவரின் முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் முடிவு, எந்த ஆக்‌ஷன் என்பது. அமெரிக்கப் பட்டறைகளில் அதிகம் மேசைக்கு வருவது ரெமிங்டன் 700. அந்நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கர் தாமே, துப்பாக்கியை மேசைமீது தாங்கியில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் சுட்டவர். அவர் குழுவின் கைவண்ணத்தில் 1948-இல் 721, 722 மாடல்கள் வந்தன. அவற்றின் வழியில் 1962-இல் 700 வந்தது. அதன் ரிசீவர் உருளை வடிவம் கொண்டது. உருளையை லேத்தில் பிடிப்பதும் அளப்பதும் கடைவதும் எளிது. இத்தனை கம்மியர்கள் அதை விரும்பக் காரணம் இதுவே. பின்னுதைப்பைத் தாங்கும் லக்கும் ரிசீவரோடு சேர்ந்த உறுப்பாக இல்லாமல், குழலுக்கும் ரிசீவருக்கும் இடையில் நிற்கும் தனித் தகடாக இருக்கிறது. அதை இருபுறமும் சமமாக அரைத்த தடித்த தகடாக மாற்றிக்கொள்ளலாம். சேவேஜ் ரைஃபிளில் குழலை ஒரு நட்டு இறுக்கிப் பிடிப்பதால், குழல் மாற்றும் வேலை இன்னும் சுலபம்.

பழைய ராணுவ ஆக்‌ஷன்களை எடுக்கும்போது எச்சரிக்கை பல மடங்கு தேவை. மவுசர் 98-இன் ரிசீவர் பெரும்பாலும் கார்பன் குறைந்த எஃகால் ஆனது. அதன் மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். லக் உட்காரும் இடத்தை அதிகம் கடைந்தால் கடினமான தோல் போய் மென்மையான உள்எஃகு வெளிப்படும். சுடச்சுட லக்குகள் அதில் பதிந்து பள்ளமாகும். அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-இல், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் செய்யப்பட்டு 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட வரிசை எண் கொண்ட ரிசீவர்கள் தவறான வெப்பப் பதப்படுத்தலால் நொறுங்கும் இயல்புடையவை. அவற்றைப் பட்டறையில் ஏற்காமல் திருப்பி அனுப்புவதே கடமை.

ஆக்‌ஷன் கையில் வந்ததும் கடைசல் உளியைத் தேடக்கூடாது. முதலில் அளக்க வேண்டும். போல்ட் ஓடும் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மாண்ட்ரல் எனும் உருளைத் தண்டைச் செருகி, அதை ஆதாரமாக வைத்து ரிசீவரை லேத்தில் அமைத்து, டயல் இண்டிகேட்டரின் முள்ளை ஒவ்வொரு பரப்பிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிசீவரின் முகப்பு அச்சுக்குச் செங்குத்தாக இருக்கிறதா, உள்ளே லக்குகள் உட்காரும் பரப்புகள் ஒரே மட்டத்தில் உள்ளனவா, மரை துளையோடு ஒரே மையத்தில் ஓடுகிறதா என்ற கேள்விகளுக்கு விடை எழுத்தில் இருக்க வேண்டும். சில ஆக்‌ஷன்களில் பிழை மிகக் குறைவாகவே இருக்கும். அங்கே பழக்கத்துக்காக எஃகைச் சீவுவது ஆக்‌ஷனைக் கெடுப்பதாகும். எடுத்த எஃகைத் திரும்ப வைக்க முடியாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

நேர்செய்யும்போது ஒரே அமைப்பில் வேலையை முடிக்க வேண்டும். மாண்ட்ரலில் மையப்படுத்திய ரிசீவரைக் கழற்றாமலே முகப்பு, லக் இருக்கைகள், மரை ஆகிய மூன்றையும் கடைந்தால், மூன்றும் ஒரே அச்சைச் சார்ந்து நிற்கும். கழற்றி மறுபடி மாட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அச்சைப் பிடித்துக்கொள்ளும். ரெமிங்டன் 700-இன் மரை 1 1/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 சுற்றும் கொண்டது. அதை நேராக்க வெட்டும்போது விட்டம் சிறிது பெருகுவதால், குழலின் மரையை அந்தப் புதிய அளவுக்கே வெட்ட வேண்டும்.

அடுத்து போல்ட். அதன் முன்பக்க லக்குகள் இரண்டும் சமமாகச் சுமை தாங்க வேண்டும். லக்குகளின் பின்பரப்பில் மை பூசி, போல்ட்டை மூடித் திறந்தால், எங்கே தொடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. போல்ட்டின் பின்பகுதிக்கும் ரிசீவருக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. துப்பாக்கியை ஆயத்தம் செய்ததும் டிரிகரின் அழுத்தம் போல்ட்டின் பின்முனையை மேலே தள்ளுகிறது. அப்போது மேல் லக் தன் இருக்கையை விட்டு விலகும். குண்டு வெடிக்கும் கணத்தில் போல்ட் நிமிர்ந்து அமர, அந்தச் சிறு அசைவு குழலின் அதிர்வோடு சேர்ந்து, இலக்கில் குண்டுகள் விழும் குழுவை விரிக்கிறது. ஆகவே டிரிகர் பொருத்திய நிலையிலும் லக்கின் தொடுகையைச் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் போல்ட்டின் உடலில் வளையங்கள் பொருத்தி அந்த இடைவெளியைக் குறைப்பதே தீர்வு. போல்ட்டின் முகப்பையும் அச்சுக்குச் செங்குத்தாக்க வேண்டும்; தோட்டா உறையின் அடி சாய்ந்து அமர்ந்தால் குண்டும் சாய்ந்தே புறப்படும்.

இந்த வரிசை மாறக்கூடாது. லக்குகளிலும் அவற்றின் இருக்கைகளிலும் எடுக்கும் ஒவ்வொரு நூலளவு எஃகும் போல்ட்டைப் பின்னோக்கி நகர்த்துகிறது; அது சேம்பரின் ஆழத்தை மாற்றிவிடும். ஆக்‌ஷனின் வேலை எல்லாம் முடிந்த பிறகே குழலைத் தொட வேண்டும்.

துல்லியத்தில் பெரும்பங்கு குழலுடையது. ஆக்‌ஷனைச் சீர்செய்வது நல்ல குழல் தன் திறனைக் காட்ட வழிவிடுகிறது. மட்டமான குழலை அது நல்லதாக்காது. போட்டிக் குழல்கள் பெரும்பாலும் 416ஆர் எனும் துருப்பிடிக்காத எஃகாலும், சில குரோம்-மாலிப்டினம் எஃகாலும் ஆனவை. சுழல்வரிகளை வெட்டுக்கருவியால் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பது ஒரு முறை. ஒரு ஓட்டத்தில் அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே சீவப்படும். கடினமான பட்டனைத் துளை வழியே இழுத்து அழுத்தி உருவாக்குவது இன்னொரு முறை. இரண்டும் வெற்றி பெற்ற குழல்களைத் தந்திருக்கின்றன. முறையைவிட முக்கியம், துளையின் அளவு முழு நீளத்திலும் மாறாமல் இருப்பதும் கையால் தேய்த்து மெருகூட்டப்பட்டிருப்பதும்.

சுழல்வரி ஒரு முழுச் சுற்றை எத்தனை அங்குலத்தில் முடிக்கிறது என்பதைக் குண்டின் நீளமே தீர்மானிக்கிறது. பிரிட்டனின் வூலிச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் இதற்கு எளிய சூத்திரம் தந்தார்: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 0.308 அங்குல விட்டமும் 1.24 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு விடை ஏறத்தாழ 11.5 அங்குலம். இன்றைய கணக்கீடுகள் இதைவிட நுணுக்கமானவை. ஆனாலும் நீண்ட குண்டுக்கு விரைவான சுழற்சி வேண்டும் என்ற அடிப்படை அதில் தெளிவாக விளங்கும்.

எந்தத் தோட்டா என்பதைப் போட்டியின் விதி முடிவு செய்யும். எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூரப் போட்டியின் டி-ஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கே இடம். இருகால் தாங்கி உட்பட எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. திறந்த பிரிவின் எல்லை 10 கிலோ. குறுகிய தூரப் பெஞ்ச்ரெஸ்டில் 1970-களின் நடுவில் லூயிஸ் பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 மி.மீ. பிபிசி இன்றும் கோலோச்சுகிறது. விதிப்புத்தகத்தைப் படிக்காமல் குழலுக்கு ஆணை கொடுப்பவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறார்.

சேம்பர் வெட்டுவது இந்த வேலையின் மையம். குழலின் துளை வெளிப்பரப்போடு ஒத்து ஓடுவதில்லை. ஆழத் துளையிடும்போது அது சற்று வளைந்துதான் செல்கிறது. எனவே வெளிப்பரப்பை நம்பாமல், துளையின் உள்ளேயே இண்டிகேட்டரை விட்டு, நான்கு தாடைச் சக்கில் இரு முனைகளையும் மையப்படுத்த வேண்டும். குண்டு சுழல்வரியில் முதன்முதலாக நுழையும் தொண்டைப் பகுதி துளையோடு ஒரே மையத்தில் இருப்பதே இங்கு நோக்கம். சேம்பரை வெட்டும் கருவியான ரீமரைப் பொறுமையாகச் செலுத்தி, அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலை முழுவதும் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றித் தொடர வேண்டும். சிக்கிய ஒரே ஒரு சீவல் சேம்பரின் சுவரில் வளையமாகக் கீறும். ரெமிங்டன் 700-இல் போல்ட்டின் மூக்கு குழலின் பின்முனையில் உள்ள பள்ளத்துக்குள் அமர்கிறது. அந்தப் பள்ளத்தின் ஆழமும் விட்டமும் போல்ட்டை உரசாதபடி அமைய வேண்டும்.

போல்ட்டின் முகப்பிலிருந்து உறை முட்டி நிற்கும் இடம் வரையான தூரம் ஹெட்ஸ்பேஸ். ஆழத்தின் எல்லையை அதற்கான கேஜ்கள் சொல்கின்றன. .308 வின்செஸ்டருக்கு ‘கோ’ கேஜ் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634 அங்குலம். இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டரே இருக்கிறது. போல்ட்டிலிருந்து சுத்தி ஊசியையும் எஜக்டரையும் கழற்றிவிட்டு, விரல் நுனி உணர்வில் மூடிப் பார்க்க வேண்டும். ‘கோ’வில் மூட வேண்டும், ‘நோ-கோ’வில் மூடவே கூடாது. இடம் அதிகமானால் உறை நீண்டு கிழியும். வாயு பின்னால் பீறிடும். இங்கே பிழை நேர்ந்தால் குழலின் பின்முனையைச் சற்றுக் கடைந்து, சேம்பரை மறுபடி சரியான ஆழத்துக்கு வெட்ட வேண்டும். அதை மறைத்து ஒப்படைப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

குழலின் வாய், அதாவது கிரவுன், குண்டைக் கடைசியாகத் தொடும் இடம். அங்கே ஒரு பக்கம் சிறிது உயர்ந்திருந்தாலும் வாயு சமமாக வெளியேறாமல் குண்டின் அடியை ஒரு பக்கமாகத் தள்ளும். துளையை மையப்படுத்திய பிறகே வாயைக் கடைய வேண்டும். சுழல்வரிகளின் முனையில் பஞ்சை ஓட்டினால் இழை சிக்காதிருக்க வேண்டும்.

இனி ஸ்டாக்கில் ஆக்‌ஷனை அமர்த்தும் வேலை. ஆக்‌ஷன் எந்தத் திசையிலும் வளையாமல், இழுவிசை இன்றிப் படுத்திருக்க வேண்டும். திருகுகளைச் சுற்றி அலுமினியத் தூண்கள் வைத்து, இடைவெளியை எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்புவது வழக்கம். உலோகத்தில் ஒட்டாப்பூச்சு பூச மறந்தால் துப்பாக்கியும் ஸ்டாக்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். பின்னுதைப்பு லக் தன் பின்பரப்பில் மட்டும் படிய வேண்டும். முன்புறமும் பக்கங்களும் அடியும் டேப் ஒட்டி இடைவெளி விட வேண்டியவை. குழல் ஸ்டாக்கை எங்கும் தொடக்கூடாது. வேலை சரியா என்று காண, முன்திருகைத் தளர்த்தி இறுக்கும்போது குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் வைத்த இண்டிகேட்டரைப் பார்க்கலாம். முள் அசையாவிட்டால் இழுவிசை இல்லை.

டிரிகரில் ஆசைக்கு எல்லை வேண்டும். போட்டியின் விதி கேட்கும் அளவைவிட இலகுவாக்கக் கூடாது. தொழிற்சாலை டிரிகரின் பரப்புகளை அரத்தால் தேய்த்து இலகுவாக்குவதும் கூடாது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ டிரிகர்கள் விசையை இழுக்காமலே சுடக்கூடும் என்பதால் 2014-இல் ரெமிங்டன் அவற்றைத் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து ஆக்‌ஷன் மேசைக்கு வந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். புதிய டிரிகரைப் பொருத்தியபின் தோட்டா இல்லாமல் சில சோதனைகள் கட்டாயம். போல்ட்டை வேகமாக மூட வேண்டும். அடிக்கட்டையைத் தரைவிரிப்பில் தட்ட வேண்டும். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்து விட்டபின் பூட்டை எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றிலேனும் ஊசி விடுபட்டால் அந்தத் துப்பாக்கி பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது.

முதல் சில தோட்டாக்களை, அதற்கென அமைந்த களத்தில், துப்பாக்கியைத் தாங்கியில் கட்டித் தள்ளி நின்று கயிற்றால் இழுத்துச் சுடுவதே நல்லது. வெளிவந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடிக்கு மேல் பளபளக்கும் வளையம், தட்டையாகிப்போன பிரைமர், ஒரு பக்கம் மட்டும் புடைத்த உடல் ஆகியவை நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்.

துல்லியத்தை ஒரே ஒரு குழுவை வைத்துத் தீர்ப்பிடக்கூடாது. ஒரு கோண நிமிடம் என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். ஐந்து குண்டுகள் தற்செயலாக ஒரே துளையில் விழக்கூடும். பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஐந்து குண்டுக் குழுக்கள் ஐந்தின் சராசரி கணக்கிடப்படுவது அதனால்தான். பட்டறைக்கும் அதே அளவுகோல் பொருந்தும். குழு விரிந்தால் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்கே காரணம் பிடிபடும்.

வாடிக்கையாளரிடம் நேர்மை கடைசிக் கருவி. இன்று பிறப்பிலேயே நேராகக் கடைந்த தனியார் ஆக்‌ஷன்கள் கிடைக்கின்றன. தொழிற்சாலை ஆக்‌ஷனைச் சீர்செய்யும் கூலி அந்த விலையை எட்டுமானால், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கையிலிருக்கும் ஆக்‌ஷனையே கட்டித் தர அவர் கேட்டால், அளந்த பிழைகள், வெட்டிய அளவுகள், ஹெட்ஸ்பேஸ், ரீமரின் அடையாளம், திருகின் இறுக்கம், சோதனைக் குழுக்கள் ஆகியவற்றை எழுதிய தாளோடு துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். குழல் தேய்ந்துபோகும் பொருள்; .308 சில ஆயிரம் குண்டுகள் தாங்கும், அதிவேகத் தோட்டாக்களின் தொண்டை அதற்கு வெகு முன்பே எரிந்துவிடும். அடுத்த குழலைப் பொருத்தப்போகும் கம்மியர், அவர் யாராக இருந்தாலும், அந்தத் தாளைப் பார்த்து வேலையைத் தொடங்க முடிய வேண்டும்.