மே மழைக்கு முன்: காசல்ரீ முதல் கிரகரி வாவி வரை உடனே செய்ய வேண்டியவை

வெசாக் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் முடிகிறது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வெளுத்து வாங்கும். நம் கையில் இருப்பது இடையிலுள்ள இந்த இரண்டு மூன்று வாரங்கள்தான். ஜனவரியிலிருந்து சரிவுகளில் சேர்ந்த எரு, குப்பை, மலக்கழிவு, தளர்ந்த மண் எல்லாவற்றையும் முதல் பெருமழை அடித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்த்துவிடும். மழை தொடங்கிய பிறகு கான் வெட்டியும் குப்பை அள்ளியும் பெரிதாகப் பயனில்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பொகவந்தலாவை, நோர்வூட் ஓடைகள் கெசல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. நல்லதண்ணி, மஸ்கெலியா ஓடைகள் மவுஸ்ஸாக்கலைக்குப் போகின்றன. இரண்டும் கீழே சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகின்றன. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் உருவான கிரகரி வாவியின் தண்ணீர் நானுஓயா வழியே கொத்மலை ஓயாவுக்குப் போகிறது. ஆனால் இவற்றை முதலில் குடிப்பது கொழும்பு அல்ல, நம் லயத்துப் பிள்ளைகள்.

ஆகவே பீலியிலிருந்து தொடங்குவோம். லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கண் வரைக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராக ஏறிப் போய்ப் பாருங்கள். ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டியோ, எருக்குழியோ, கக்கூசுக் குழியோ இருந்தால் அதுதான் முதல் வேலை. பட்டியையும் எருவையும் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம் மாற்றுங்கள். குழியை உங்களால் மாற்ற முடியாது. அதைத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகட்டும். ஊற்றுக்கு மேல்பக்கம் பிறைவடிவில் ஒரு கான் வெட்டிவிட்டால் சரிவில் வரும் அழுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். தொட்டியை இறைத்து, அடியிலுள்ள சேற்றை வழித்து, மூடி போடுங்கள். குளோரின் எவ்வளவு போடுவது என்பதைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே போடுங்கள். முதல் பெருமழை பெய்யும்போது தொட்டிக்குள் போகும் பைப்பைக் கழற்றிவிட்டு, கலங்கல் தெளிந்த பிறகு மாட்டுங்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதிலும் மலைநாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். குமிழி கண்டதும் இறக்காமல், தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கலங்கலாக இருந்தால் தெளிய வைத்து, துணியில் வடித்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள்.

ஏரிக்குப் பெரிய கேடு மரக்கறித் தோட்டத்திலிருந்து வரலாம் என்பதைத் தயங்காமல் சொல்லவேண்டும். நானுஓயா, லிந்துலைப் பக்கம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இப்போது கோழி எருவை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் இறக்கி வைத்திருப்பார்கள். அதைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஓடைக்கரையில் அடுக்கவே வேண்டாம். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாக இழுத்த பாத்தியில் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது உண்மை, கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் மண்ணோடு வடியும். பொசுபரசு மண் துகளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது. மண் போனால் அதுவும் போகும். ஏரியில் அது பாசிக்குத் தீனி. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருமழை அறிவிப்பு இருக்கும் நாட்களில் உரம் போடாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள். மருந்து டாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். வெறும் போத்தலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி அடித்துவிட்டு, போத்தலைத் துளையிட்டு ஒதுக்குங்கள். தண்ணீர் மொள்ள அது எந்த வீட்டுக்கும் போகக் கூடாது.

தேயிலை மலைகளில் கான்களைச் சுத்தம் செய்து, இடையிடையே உள்ள மண்குழிகளை அள்ளி, அந்த மண்ணைச் செடி அடியிலேயே போடவேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சியையும் இலையையும் விறகுக்கு அள்ளாமல் பரப்பி விடுங்கள். வெறுமையாய்க் கிடக்கும் சரிவுகளில் மானாப்புல் நடலாம். இது நிர்வாகம் கைக்காசு போட்டுச் செய்யவேண்டிய வேலை. 200 ஆண்டுகள் இந்த மலைகளைப் பிடித்து நிறுத்திய தொழிலாளர் மீது ஏரி கெட்ட பழியையும் போடுவது நியாயமே இல்லை.

கிரகரி வாவியையும் காசல்ரீயையும் பார்த்தபடி ஹோட்டலும் தங்குமிடமும் பெருகுகின்றன. நடத்துகிறவர்கள் மலக்குழியை மழைக்கு முன்பே பவுசர் வைத்து இறைத்துவிடவேண்டும். நிரம்பிய குழி மழையில் வழிந்தால் அது ஏரிக்குத்தான் போகும். சமையலறைக் கழிவுநீருக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி இல்லாமல் புதிய அறை கட்டாதீர்கள். படகு ஓட்டுகிறவர்கள் எண்ணெய் மாற்றுவதைக் கரையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதண்ணியில் கடைகள் கழற்றப்படும் இந்த வாரத்திலேயே பொலித்தீனையும் போத்தலையும் அள்ளியாக வேண்டும். சீத கங்குல ஓரம் விட்டுப்போன பைகள் மவுஸ்ஸாக்கலையில் மிதக்கும். இளைஞர் மன்றங்களும் கோயில் சபைகளும் ஒரு நாள் கொடுத்தால் போதும். லொறியைப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

ஏரித்தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் தடித்துக் கிடந்தால் அதில் குளிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ கூடாது. அந்தப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. படம் எடுத்து, இடம், நேரம் குறித்து, சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அனுப்புங்கள். ஓடை திடீரென்று சேறாக வந்தாலோ, நன்றாக ஓடிய ஊற்று சட்டென நின்றாலோ அது மேலே மண் நகர்வதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது தொட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். லயத்தில் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு சரிவைவிட்டு விலகி நின்று, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள்.