ஸ்டியரிங் கோணலாக நின்றால் கழற்ற வேண்டியது ஸ்டியரிங்கை அல்ல

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, எங்கள் சிறிய காருக்கு முன்சக்கர டயர்கள் இரண்டை மாற்றி, வீல் அலைன்மெண்டும் பார்த்துவிடலாம் என்று ரங்கத்திலிருந்து தலைநகருக்குச் சென்றிருந்தேன். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, பழக்கதோஷத்தால் என் வாயில் போர்ட் பிளேர் என்றே வருகிறது. வாசகர்கள் பொறுத்தருள்க.) வேலை முடிந்ததும் கடைக்காரர் கணிப்பொறித் தாளைக் கையில் கொடுத்தார். எல்லாக் கட்டங்களிலும் பச்சை நிறம். மகிழ்ச்சியுடன் புறப்பட்டோம்.

ஜிர்காடாங்கில் கான்வாய்க்காகக் காத்திருந்து, காட்டுச் சாலையைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெயிட்டில் வாகனப் படகுக்கு வந்தோம். ஏறுபலகையில் வண்டியை ஏற்றும்போது, பல வருடப் பழக்கத்தில் ஸ்டியரிங்கின் நடுச்சின்னத்தைப் பார்த்து நேராக்கிக்கொண்டேன். வண்டியோ வலப்பக்கம் நகர்ந்தது. படகுக்காரர் கையை வீசிக் கத்தினார். பக்கத்து ஜீப்புக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருந்தால் அதிகம். பாராடாங் கரையில் இறங்கியபின் பின்சீட்டிலிருந்த என் மகள் சொன்னாள்: "அப்பா, நேரா போகும்போது சின்னம் பதினொன்றரை மணியில நிக்குது." அவள் அப்போதுதான் எல்.எல்.ஆர். வாங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். சின்னத்தை நம்பித்தான் சக்கரத்தின் திசையை அறியப் பழகியிருந்தாள்.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார்கள். கொண்டு போவதென்றால் மறுபடியும் படகு, மறுபடியும் கான்வாய், ஒரு நாள் பிழைப்பு போய்விடும். ஊரில் ஒரு பையன், "ஸ்டியரிங்கைக் கழற்றி நேரா மாட்டித் தர்றேன், பத்து நிமிஷ வேலை" என்றான். உண்மையைச் சொன்னால், நான் சம்மதித்துவிட்டேன். பணிமனையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் அந்த நேரத்தில் வராவிட்டால் காரியம் கெட்டிருக்கும்.

அவன் டார்ச் விளக்குடன் வண்டிக்கடியில் படுத்தான். "அத்தான், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். வலப்பக்க டை ராடின் திருகுமரை புதிதாகப் பளபளத்தது. பூட்டு நட்டில் ஸ்பேனர் பட்ட கீறல். இடப்பக்கத்திலோ நட்டும் மரையும் துருவும் சேறும் மூடி, கை படாமல் அப்படியே இருந்தன. காரணம் விளங்கிவிட்டது.

டை ராடு என்பது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் கம்பி, பக்கத்துக்கு ஒன்று. அதைத் திருகினால் நீளம் கூடும், குறையும். சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பும். இந்தத் திருப்பத்தைத்தான் 'டோ' என்கிறார்கள். டயர் ஒருபக்கமாகத் தேயாமலிருக்க இரு சக்கரங்களின் டோவையும் கூட்டி வரும் அளவு சரியாயிருந்தால் போதும். அந்த அளவை வலக்கம்பி ஒன்றை மட்டும் திருகியே வரவழைத்துவிடலாம். பிறகு ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பி வைத்தால் பிழை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்காகி, தாளிலும் பச்சை வந்துவிடும். வண்டியும் நேராகவே ஓடும். ஸ்டியரிங் மட்டும் கோணி நிற்கும். இப்படி நேராமலிருக்கவே, அளவெடுக்கும் முன் ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, சீட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு தாங்கியைக் கொடுத்துப் பூட்ட வேண்டும்.

நம் தீவுகளில் இந்தத் தவறு எளிதில் நிகழ்வதற்குக் காரணம் உண்டு. உப்புக்காற்று ஒருபுறம், ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை மறுபுறம். நட்டு துருவேறி இறுகிவிடுகிறது. இறுகியதை விட்டுவிட்டு இளகியதைத் திருகுவது மனித சுபாவம்தானே!

ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டினால் என்ன கெடுதல்? ஸ்டியரிங் பெட்டிக்கு ஒரு நடு உண்டு. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். மூன்றரைச் சுற்று என்றால் நடு ஒன்றே முக்காலில். அங்கே சின்னம் நேராக நின்றால் ஸ்டியரிங் சரியாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது, பிழை கீழே இருக்கிறது. அதன்பின் மேலே கழற்றி மாட்டினால், வண்டி ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளையும். இண்டிகேட்டர் தானாக அணைவதும் கெடும். ஏர்பேக் உள்ள வண்டியில் இன்னும் ஆபத்து. ஸ்டியரிங்குக்கு அடியில் சுருளாகச் சுற்றிய மின்நாடா இருக்கிறது. அது நடு தவறினால் ஒரு கோடிக்குத் திருப்பும்போது அறுந்துபோகலாம். அறுந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாது.

அன்றிரவு இரு நட்டுகளிலும் துருநீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம். காலையில் இடப்பக்க நட்டு முனகிக்கொண்டே இளகியது. கம்பியைத் திருகும் முன் மைத்துனன் ரப்பர் உறையின் வெளிக்கவ்வியைத் தளர்த்தினான். தளர்த்தாவிட்டால் உறை முறுக்கிக் கிழிந்து, பெட்டிக்குள் மழைநீர் போய்விடும். அது பெரிய செலவு. பிறகு இடக்கம்பியை ஒன்றேகால் சுற்று குறுக்கி, வலக்கம்பியை அதே ஒன்றேகால் சுற்று நீட்டினான். ஒருபுறம் குறைத்தது மறுபுறம் கூடுவதால் மொத்த டோ மாறவில்லை. டயர்களில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளவுநாடாவால் முன்பும் பின்பும் அளந்து அதை உறுதிசெய்துகொண்டோம். இது அச்சுக்குப் பின்னால் டை ராடு உள்ள வண்டிக்கான கணக்கு. கம்பி அச்சுக்கு முன்னால் இருந்தால் திசை தலைகீழாகும். சின்னம் வலப்புறம் சாய்ந்திருந்தாலும் அப்படியே. எத்தனை சுற்று என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்; அரைச் சுற்றாகத் திருகி, ஓட்டிப் பார்த்து மேலே போவதே நல்லது.

பூட்டு நட்டை இறுக்க மறந்தால் அனைத்தும் வீண், உயிருக்கும் ஆபத்து. எனவே பழக்கமில்லாதவர்கள் தாமே செய்ய முனையாமல், கைதேர்ந்த ஒருவரை வைத்துச் செய்விக்கவும். ஈ.எஸ்.பி. உள்ள புது வண்டிகளில் ஸ்டியரிங் கோண உணரியையும் கருவி கொண்டு மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கையைத் தளர்த்தினால் வண்டியே ஒருபக்கம் இழுக்கிறது என்றால், அது வேறு நோய். டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொள்ளுதல், சக்கரத்தின் சாய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் இலேசாக நழுவுவது இயல்பு. சமதளத்தில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்க. பின்னச்சு வளைந்திருந்தாலும் ஸ்டியரிங் கோணும். அப்போது முன்கம்பியைத் திருகிச் சின்னத்தை நேராக்கினாலும் வண்டி நண்டுபோல் பக்கவாட்டாகத்தான் ஓடும்.

இப்போதெல்லாம் அலைன்மெண்டுக்கு விடும் முன், இரு பூட்டு நட்டுகளின் மேலும் கம்பியோடு சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் குனிந்து பார்க்கிறேன். ஒரு கோடு மட்டும் உடைந்திருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன். மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். சென்ற மாதம் அதே படகில் அவளே வண்டியை ஏற்றினாள்.