மெயின்லேண்ட் போகாமல் முடியுமா? மகளிர் புற்றுநோய், பேறுகால ஆய்வுகள்: முக்கியக் குறிப்புகள்

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) டாக்டர் சீட்டில் 'மெயின்லேண்ட் ரெஃபர்' என்று எழுதிவிட்டால் அந்த வீட்டின் கணக்கே மாறிவிடும். சென்னைக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கி.மீ.; கப்பலில் இரண்டரை, மூன்று நாள். கேம்பல் பே பக்கம் இருப்பவருக்குப் போர்ட் பிளேர் வந்து சேரவே 500 கி.மீ.க்கு மேல். நர்சிங், பொதுச் சுகாதாரத் தேர்வுகளுக்குப் படிக்கும் தீவுப் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகளைத் தொகுக்கும்போது ஒவ்வொரு ஆய்வின் ஓரத்திலும் ஒரு கேள்வியை எழுதி வைத்தேன்: இதை இங்கேயே, ஒரே வருகையில் செய்ய முடியுமா? ஆண்டும் எண்ணும் மறந்தாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதி விடை தானாக வரும்.

தீவு பற்றி, சுருக்கமாக

• 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,80,581. ஆயிரம் ஆண்களுக்கு 876 பெண்கள். மாவட்டங்கள் 3.

• அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் நிறுவனம் 2015இல் தொடங்கியது. இணைந்த மருத்துவமனை ஜி.பி. பந்த், இணைப்புப் பல்கலைக்கழகம் புதுச்சேரி. கொல்கத்தா என்று குறிப்பவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம்தான் கொல்கத்தா.

• ஐ.சி.எம்.ஆரின் வட்டார மருத்துவ ஆய்வு மையம், போர்ட் பிளேர்: 1983. 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று 1980களின் இறுதியில் மிரட்டிய நோய் லெப்டோஸ்பைரோசிஸ்தான் என்பது பின்னர் உறுதியானது. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் இது கர்ப்பத்தில் வந்தால் கருச்சிதைவுக்கும் சிசு இறப்புக்கும் வழி உண்டு. பேறுகாலக் கேள்வியில் இதைச் சேர்த்து எழுதுங்கள்.

திண்டுக்கல்: வினிகரும் நர்சும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நம் பக்கத்திலேயே நடந்த பெரிய ஆய்வு இது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. ஆய்வுக்குத் தலைமை டாக்டர் ஆர். சங்கரநாராயணன். தொடக்கம் 2000, முடிவு 'லான்செட்' இதழில் 2007.

• 114 ஊராட்சிகள். பாதிக்குப் பரிசோதனை, பாதி ஒப்பீட்டுக் குழு. பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள், ஒப்பீட்டுக் குழுவில் 30,958. வயது 30 முதல் 59.

• முறை 'வி.ஐ.ஏ.'. 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெறும் கண்ணால் பார்ப்பது. மாறிய திசு வெள்ளையாகத் தெரியும். பார்த்தது பயிற்சி பெற்ற நர்ஸ். தேவைப்பட்டவருக்கு உறைநிலைச் சிகிச்சை (கிரையோதெரபி) கொடுத்ததும் நர்ஸ்தான்.

• ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையில் நோய் வருவது 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டு வினா வரும்.

லேப் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், 'ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும், திரும்ப வாங்க' என்ற பேச்சும் வேண்டாம். திரும்ப வரச் சொன்னால் படகுக்குக் காத்திருந்து வரவேண்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் காட்ட முடியாது. இதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும்: பார்க்கும் கண்ணுக்குக் கண் தீர்ப்பு வேறுபடும். மாதவிடாய் நின்ற பெண்களில் மாற்றம் ஏற்படும் பகுதி உள்ளே போய்விடுவதால் சரியாகத் தெரியாது.

• தமிழ்நாட்டில் இதையொட்டி முன்னோடித் திட்டம் நடந்த மாவட்டங்கள்: தேனி, தஞ்சாவூர்.

• நாடு தழுவிய 2016 வழிகாட்டுதல்: 30 முதல் 65 வயது, 5 ஆண்டுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ.

உஸ்மானாபாத், மும்பை

• உஸ்மானாபாத் (மகாராஷ்டிரம்): 1,31,746 பெண்கள், 52 தொகுதிகள், நான்கு பிரிவுகள் (இந்நோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை, பாப் ஸ்மியர், வி.ஐ.ஏ., ஒப்பீடு). 2009இல் வெளியானது. எச்.பி.வி. பிரிவில் இந்நோயால் இறந்தோர் 34, ஒப்பீட்டுப் பிரிவில் 64. இந்த ஆய்வில் இறப்பைத் தெளிவாகக் குறைத்தது எச்.பி.வி. சோதனை மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது.

• மும்பைக் குடிசைப் பகுதிகள்: டாடா மெமோரியல், டாக்டர் சுரேந்திர சாஸ்திரி. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், வயது 35 முதல் 64. செவிலியர் பயிற்சி இல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வி.ஐ.ஏ. செய்தார்கள். இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

திண்டுக்கல்லுக்கு 35, மும்பைக்கு 31. குழம்பாதீர்கள்.

இந்த மூன்று ஆய்வுகள் மீதும் ஒரு விமர்சனம் உண்டு. விரிவான விடை கேட்டால் எழுத வேண்டியது. பரிசோதனை பலன் தரும் என்று தெரிந்த காலத்தில், ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு விழிப்புணர்வும் வழக்கமான மருத்துவமும் மட்டும் கொடுத்து வைத்திருந்தது சரியா? 'நாட்டில் அன்று யாருக்கும் பரிசோதனை இல்லை, அதுதான் அன்றைய வழக்கம்' என்பது ஆய்வாளர்கள் தரப்பு. இந்தச் சமாதானம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் அந்த ஒப்பீடு இல்லாமல் 35 என்ற எண் கிடைத்திருக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை.

இதைவிட மோசமானது முன்பே நடந்தது. டெல்லியில் ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் ஒன்று 1976 முதல் 1988 வரை, கருப்பை வாயில் மாற்றம் கண்ட 1,100க்கும் மேற்பட்ட பெண்களைச் சிகிச்சையின்றிக் கவனித்து வந்தது. 1997இல் அம்பலமானது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் 1966இல் தொடங்கியதும் இதே கதை. அதை விசாரித்த கார்ட்ரைட் அறிக்கை 1988. இரண்டும் ஒப்புதல் என்ற ஒரே சொல்லுக்கான பாடங்கள்.

ஒரு டோஸ் தற்செயலாகக் கிடைத்த விதம்

2009இல் பத்து முதல் பதினெட்டு வயதுப் பெண்களிடம் எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை இதிலும் ஒரு மையம். அதே ஆண்டு, இதோடு தொடர்பில்லாத வேறொரு திட்டம் 'பாத்' என்ற அமைப்பின் மூலம் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. அங்கே சில சிறுமிகள் இறந்தார்கள். விசாரணையில் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோர் கையெழுத்துக்குப் பதில் விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டது வெளிவந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கை (2013) இதைக் கடுமையாகச் சாடியது.

கம்மம் சர்ச்சையால் 2010 ஏப்ரலில் நாடு முழுக்க எச்.பி.வி. ஆய்வுகளில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. டோஸ் ஆய்வில் 17,729 பேர் ஊசி போட்டிருந்தார்கள். அதில் 4,949 பேர் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டாண்டாகத் தொடர்ந்தார்கள். 2021இல் வந்த முடிவு: 16, 18 வகை வைரஸ்களின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸின் பலன் 95.4 சதவீதம், மூன்று டோஸுக்கு 93.3. அதாவது வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் அட்டவணையை ஏற்றதற்கு இந்த இந்தியச் சிறுமிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும், கென்யாவில் நடந்த ஆய்வும் முக்கியச் சான்றுகள். ஆறு மாதம் கழித்து இரண்டாம் டோஸுக்கு அதே சிறுமியைத் தீவு தீவாகத் தேட வேண்டியதில்லை என்றால் அது இங்குள்ள சுகாதார ஊழியருக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

• செர்வாவாக்: சீரம் நிறுவனம், புனே. ஒப்புதல் 2022 ஜூலை. தடுக்கும் வகைகள் 6, 11, 16, 18.

• முதலில் மாநிலம் முழுவதும் கொடுத்தது சிக்கிம், 2018.

• 90-70-90 இலக்கு (2030க்குள்): 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவரில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. ஒழிப்பு என்பதன் அளவு: லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 4க்கும் குறைவான புதிய நோயாளிகள்.

• எச்.பி.வி. தொடர்பைக் கண்டவர் ஹரால்ட் சூர் ஹவுசன், நோபல் 2008.

• 2022இல் இந்தியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்: புதிதாகச் சுமார் 1.27 லட்சம், இறப்பு ஏறத்தாழ 80 ஆயிரம்.

முத்துப்பிள்ளை

கர்ப்பமே புற்றுநோயாகும் இடம் இது. பாட்டிமார் 'முத்துப்பிள்ளை' என்பார்கள். குழந்தைக்குப் பதில் திராட்சைக் குலைபோல் நீர்க்கொப்புளங்கள். முழு வகையில் மரபுப்பொருள் முழுதும் தந்தையுடையது, பெரும்பாலும் 46 எக்ஸ்எக்ஸ். பகுதி வகையில் 69 குரோமோசோம்கள். முழு வகையில் ஏறத்தாழ 15 சதவீதம் பின்னர் புற்றாகத் தொடரும். அதன் கடுமையான வடிவம் கோரியோகார்சினோமா.

கண்காணிப்பு எச்.சி.ஜி. ஹார்மோனை வைத்து. கருப்பையைச் சுத்தம் செய்தபின் வாராவாரம் அளக்க வேண்டும். ஒரே வருகை என்ற என் கேள்வி இங்கே தோற்றுவிடுகிறது. ஃபிகோ மதிப்பெண் 6 வரை குறை ஆபத்து (மெத்தோட்ரெக்ஸேட் அல்லது ஆக்டினோமைசின்-டி மட்டும்), 7 அல்லது அதற்கு மேல் பல மருந்துச் சிகிச்சை.

மெத்தோட்ரெக்ஸேட்டின் வம்சாவளி நம் ஊர் வழியாகப் போகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் பஞ்சாலை வேலைசெய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய வந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் எழுதினார். அதிலிருந்த பொருளைத்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்றார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் இருந்தபோது அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. அதன் எதிரிகளையும் செய்தது. அந்த எதிரிகளில் ஒன்றே மெத்தோட்ரெக்ஸேட். 1956இல் மின் சியூ லி அதைக் கொடுத்துக் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்தினார். திடக்கட்டி ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை. கட்டி மறைந்த பிறகும் எச்.சி.ஜி. இறங்கும்வரை மருந்தை நிறுத்தாததற்காக லி வேலையை இழந்தார்; 1972இல் அதே வேலைக்காக லாஸ்கர் விருதில் பங்கு பெற்றார்.

கர்ப்பிணியைக் காப்பாற்றிய சத்தும், கர்ப்பத்தால் வந்த புற்றைக் கொன்ற மருந்தும் எதிரெதிர்ப் பொருள்கள். வினா இப்படித்தான் வரும்: மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்தில் கூடாது, ஏன்? ஃபோலேட்டைத் தடுக்கும், கருவைச் சிதைக்கும். அதன் நச்சுக்கு மாற்று ஃபோலினிக் அமிலம், ஃபோலிக் அல்ல.

கர்ப்பத்தில் புற்றுநோய் கண்டால்

• சுமார் ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்றில்.

• கர்ப்பத்தில் பாப் ஸ்மியர் எடுக்கலாம். கருப்பை வாய்க் குழாயைச் சுரண்டக் கூடாது. முன்புற்று மாற்றம் மட்டும் என்றால் சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் தள்ளலாம்.

• கீமோதெரபி முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பர். அதன்பின் பல மருந்துகள் தரலாம். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னதாக நிறுத்துவர்.

• பெல்ஜியத்தின் ஃபிரெடரிக் அமான்ட் குழு 2015இல் வெளியிட்டது: கர்ப்பத்தில் தாய்க்குப் புற்றுநோய் கண்ட 129 குழந்தைகளை, அதே எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். அறிவு, இதயம், வளர்ச்சி எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னடைவு இருந்த இடத்தில் அது குறைமாதப் பிறப்போடு சேர்ந்தே இருந்தது. மருந்துக்குப் பயந்து குழந்தையை அவசரமாக வெளியே எடுப்பது எப்போதும் நன்மை அல்ல என்பது இதன் பொருள்.

• கருப்பையை வைத்துக்கொண்டு வாயை மட்டும் அகற்றும் அறுவை (டிரக்கெலெக்டமி): டேனியல் டார்ஜென்ட், லியோன், 1987.

பேறுகாலம்

பெல்காம் (கர்நாடகம்), 2006இல் வெளியான ஆய்வு: கிராமப் பிரசவங்களில் ஏ.என்.எம்.கள் 1,620 பெண்களிடம் மிசோபிராஸ்டால் 600 மைக்ரோகிராம் மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் மிகை ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4ஆகக் குறைந்தது. ஆக்ஸிடோசின் ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். இந்த மாத்திரைக்கு வேண்டாம். கரண்ட் போனாலும் கெடாத மருந்து என்று தீவுக்காரருக்குச் சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது. முதல் தேர்வு இன்றும் ஆக்ஸிடோசின்தான்.

• தாய்மார் இறப்பு விகிதம்: லட்சம் உயிர்ப் பிறப்புக்கு, கர்ப்பத்திலோ முடிந்து 42 நாளுக்குள்ளோ. 2018–20இல் இந்தியா 97, தமிழ்நாடு 54, கேரளம் 19. அந்தமானை இந்தப் பட்டியலில் தனியே தேடாதீர்கள். ஓர் ஊரில் ஆண்டுக்கு 4,000 பிரசவம் என்று வைத்தால், ஒரு தாய் இறந்தால் விகிதம் 25, இரண்டு பேர் இறந்தால் 50. சிறிய இடத்தில் இந்த எண் குதிக்கும். அங்கே ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியே விசாரிப்பதே முறை.

• ஜனனி சுரக்ஷா 2005. ஜனனி சிசு சுரக்ஷா 2011. மாதம் 9ஆம் தேதி நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை முகாம் 2016.

சட்டமும் பழங்குடியினரும்

• மருத்துவ ஆய்வுப் பதிவேடு (சி.டி.ஆர்.ஐ.) தொடங்கியது 2007, பதிவு கட்டாயமானது 2009. புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள்: 2019.

• அந்தமான் நிக்கோபார் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை: 1956.

• தீவில் மிக நலிந்த பழங்குடிக் குழுக்கள் ஐந்து: கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென். நிக்கோபாரியர் பட்டியல் பழங்குடியினர், ஆனால் இந்த ஐந்தில் இல்லை. 2011 கணக்கில் ஓங்கே 101 பேர், கிரேட் அந்தமானியர் 44. இந்த எண்ணிக்கையில் இருபிரிவு ஆய்வு செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது. திண்டுக்கல்லிலும் மும்பையிலும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே கொண்டுவர முடியும். ஒப்புதல் அவரவர் மொழியில் அவரவரிடமே பெறப்பட வேண்டும். கம்மத்து விடுதிக் காப்பாளரின் கையெழுத்தை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.