துறையா, முனையமா?

பினாங்கு ஃபெரியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சிக்கல். அது வந்து அணையும் இடத்தை என்னவென்று சொல்வது? இப்போது நாம் பெரும்பாலும் 'முனையம்' என்றே எழுதுகிறோம். முனை என்றால் நுனி. ஆங்கிலச் சொல்லின் வேரும் முடிவையே குறிக்கிறது. மலாய்க்காரர்கள் 'பங்காலான்' என்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் இருப்பது பங்காலான் ராஜா துன் ஊடா. எதிரே பட்டர்வொர்த்தில் பங்காலான் சுல்தான் அப்துல் ஹாலிம். 'பங்கால்' என்றால் அடி, தொடக்கம். ஒரே கட்டடம், ஒரு மொழியில் முடிவு, இன்னொரு மொழியில் தொடக்கம்!

நம்மிடம் 'துறை' இருக்கிறது. நீரில் இறங்குமிடம், குளிக்குமிடம், கடக்குமிடம் எல்லாம் துறைதான். (நாம் பட்டம் படிக்கும் துறையும் இதே சொல்தான், அதில் எத்தனை பேர் கரையேறுகிறோம் என்பது வேறு கதை.) பழைய ஜார்ஜ்டவுன் தமிழர்கள் ஒரு தெருவையே படகுக்காரத் தெரு என்று அழைத்திருக்கிறார்கள். ஆகவே 'படகுத்துறை' என்பதே என் தேர்வு. இதற்குச் சொல்லாராய்ச்சி மட்டும் காரணமன்று.

என் அப்பா 1986 முதல் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரியில் வேலைக்குப் போனவர். முந்தைய ஆண்டே 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்துவிட்டது. ஆனால் கார் இல்லாதவருக்குப் பாலத்தால் என்ன பயன்? ஃபெரியில் கட்டணம் பட்டர்வொர்த்தில் மட்டும்தான். திரும்பி வர இலவசம். கடைசி ஆண்டுகளில் 1 ரிங்கிட் 20 சென். தீவுக்குப் போனவர் எப்படியும் திரும்பத்தானே வேண்டும் என்ற கணக்கு அது.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழா முடிந்து திரும்பியவர்களும், தீவில் நடந்த சீனர் சமய விழாவுக்குப் புறப்பட்டவர்களும் பட்டர்வொர்த் படகுத்துறையில் நெருக்கியடித்து நின்றார்கள். பயணிகள் நின்ற மேல்தளம் இடிந்து கீழ்த்தளத்தின்மீது விழுந்தது. 32 பேர் இறந்தனர்; 1,500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கடலில் எதுவும் நடக்கவில்லை, ஃபெரியும் மூழ்கவில்லை. காத்திருந்த இடம்தான் கைவிட்டது.

அப்பா அன்று அங்கு இல்லை. மறுநாள் போக வேண்டியவர். அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை அவர் கதவருகே நின்றதே இல்லை. சிறுவயதில் நான் முன்னால் ஓடினால் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பார். "அடுத்தது வரும்டா" என்பார். அவர் பயந்தவர் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். காரணத்தைப் பள்ளி நூலகத்துப் பழைய செய்தித்தாளில்தான் படித்தேன்.

1894இல் தொடங்கிய இச்சேவையில் பழைய ஃபெரிகள் கார்களை ஏற்றிச் செல்வது 2020 இறுதியில் நின்றது. அவை பூலாவ் ராவா, பூலாவ் அங்சா என்று தீவுகளின் பெயர் தாங்கியவை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய ஃபெரிகளுக்கு 'தெலுக்' என்று தொடங்கும் விரிகுடாப் பெயர்கள். நடந்து வருவோரும் மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஓட்டிகளும் மட்டுமே ஏறலாம். வேலைக்குப் போகிறவர் தூங்கி வழிய, சுற்றுப்பயணி கம்பியருகே நின்று படம் எடுக்கிறார். 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனுக்குக் கடல் வழியாக நுழைவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

கடந்த விடுமுறையில் அப்பாவை அழைத்துப் போனேன். கதவு திறந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அவர் தூணருகே நின்று, முன்னால் போகச் சொல்லி எனக்குக் கைகாட்டினார். நானும் அவரோடு தூணருகிலேயே நின்றேன்.