தரகரிடம் கேட்க வேண்டியது விலைக்குறைப்பு அல்ல

நம்பிக்கை: விலையைக் குறைத்துப் பேசி முடித்துத் தருபவரே நல்ல தரகர்.

உண்மை: குடியிருக்க வீடு தேடுபவருக்கு இது ஓரளவு பொருந்தும், முதலீட்டாளருக்கும் பில்டருக்கும் பொருந்தாது. மண்ணின் விலையைவிட அதில் எவ்வளவு கட்டலாம் என்பதே அவர்களுக்கு முக்கியம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி உயரம் குறைந்த கட்டடத்துக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரை உண்டு. ஆனால் அதற்கேற்ற அகலத்தில் சாலை இருக்க வேண்டும். பரப்பில் ஒன்றாக உள்ள இரு மனைகள், முன்னால் ஓடும் சாலையால் மதிப்பில் வெகுவாக வேறுபடுவது இதனால்தான். கிரவுண்டுக்குச் சில லட்சம் குறைத்துக் கொடுத்த தரகர் சாலையை அளந்து பார்க்கவில்லை என்றால், அந்த ஆதாயம் திட்ட அனுமதியின்போது காணாமல் போகும்.

நம்பிக்கை: பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் போதும்; மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

உண்மை: பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதிவாகாத உயில் அதில் வராது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் சமபங்கு தந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட கிரயம் பின்னாளில் வழக்காகலாம். வக்கீல் தம் முன் வைக்கப்பட்ட காகிதங்களைத்தான் ஆராய்வார். கட்டிக்கொடுத்த பெண்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், நிலத்தை யார் உழுகிறார்கள், வண்டிப்பாதை யார் புலத்தின் வழியே போகிறது என்பதையெல்லாம் அந்த வட்டாரத்தில் புழங்கும் தரகரால்தான் விசாரித்துச் சொல்ல முடியும். அந்த விசாரணை வக்கீலின் வேலைக்கு மாற்றாகாது. ஆனால் அது இல்லாமல் வக்கீலின் கருத்தும் முழுமையடையாது.

நம்பிக்கை: கமிஷனுக்கு வேலை செய்பவர் வியாபாரத்தைக் கெடுக்கும் உண்மையைச் சொல்லமாட்டார்.

உண்மை: இந்த ஐயம் நியாயமானது. கிரயம் முடிந்தால்தான் பணம் என்னும்போது, குறையை மறைக்கும் ஆசை எவருக்கும் வரும். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவில்லாமல் விற்கத் தரகர் துணைபோகக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. ஆனால் பில்டர் விவசாயியிடம் நேரடியாக நிலம் வாங்கும்போது இந்தக் காப்பு எட்டுவதில்லை. அங்கே ஏற்பாட்டை மாற்ற வேண்டியவர் வாங்குபவரே. நிலத்தை விசாரித்து எழுத்தில் அறிக்கை தருவதற்குத் தனிக் கூலி, கிரயம் முடிந்தால் தனிக் கமிஷன் என்று பிரித்துப் பேசலாம். செலவு கூடுமே என்பார்கள். கூடும், ஆனால் வழக்கில் முடங்கிய நிலத்துக்குக் கட்டும் வட்டியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. “இந்த இடம் வேண்டாம்” என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் சொல்பவருக்கும் ஊதியம் கிடைக்கட்டும். அப்போதுதான் அப்படிச் சொல்லும் தரகர்கள் பெருகுவார்கள்.